உடைப்பு இல்லை, வாய்க்கால்

ஜாலான் புசார்,
6-5-1955

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சேதுபதி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகம் என்பதை நெய்னா முகம்மது சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் கீரைக்கட்டுகளைத் தேக்கா சந்தைக்கு ஏற்றி வரும் வழியில், நம் வீட்டு வாசலில் சைக்கிள் வண்டியை நிறுத்தி அவர் இன்னொரு செய்தியும் சொன்னார். "உங்க அக்கா ஆத்தையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க லா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உண்மையா? காலாங் ஆற்றுக் கரையை வெட்டி உன் தோட்டத்துக்குத் தண்ணீர் இழுத்திருக்கிறாயா? நீ மட்டுமா, அந்த வளைவில் பயிர் வைத்திருக்கிற எல்லாருமா?

நான் வடிகால் ஆபீசில் ஓவர்சியர். அந்தக் கரை என் பொறுப்பில் இருக்கிற கரை. போன டிசம்பர் வெள்ளத்தில் அதே வளைவில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிவிட்டவன் நான். ஒரு பிள்ளையை ஏற்ற முடியவில்லை. அது உனக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் மண் கொட்டி அந்தக் கரையை உயர்த்தினோம். போட்ட மண் இறுகுவதற்குள் நீ அதில் ஓட்டை போட்டிருக்கிறாய். வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடுவேன். நீ தெரிந்தே செய்கிறவள்.

கேள்விப்பட்டதை நான் ஆபீசில் எழுத வேண்டியதில்லை. கண்ணால் பார்த்துவிட்டால் எழுதியே ஆக வேண்டும், என் உத்தியோகம் அப்படி. அதனால் நான் அங்கே வர மாட்டேன். நீயும் இங்கே வந்து விளக்கம் சொல்ல வேண்டாம், சண்டைதான் வரும். மூடிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

அத்தான் போன பிறகு எங்களோடு வந்து இரு என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். வந்திருந்தால் இந்தத் தலைவலி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இப்படிக்கு,
சேதுபதி

*

போத்தோங் பாசிர்,
10-5-1955

தம்பி சேதுவுக்கு,

நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. சுகமில்லாதவனால் இவ்வளவு கோபமாக எழுத முடியாது.

ஆமாம், வெட்டினேன். முதல் வெட்டு என்னுடையது. அப்புறம் பக்கத்துப் பாத்திக்கார மங்களம் வந்தாள், மிளகாய் போட்டிருக்கிற தங்கராஜு வந்தார், கடைசியில் சீனக்காரன் ஆ செங்கும் அவன் பெண்சாதியும் வந்தார்கள். எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு நிலம். என்னுடையதை வேகமாக நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் சுற்றிவிடலாம். இந்தத் துண்டுகளுக்கெல்லாம் நடுவில் ஒரு குளம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் சொந்தக்காரர் அதைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். வாங்கினவன் லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்துவிட்டான். அதை உன் ஆபீசில் யாரும் ஓட்டை என்றோ அடைப்பு என்றோ சொல்லவில்லை.

குளம் போனதிலிருந்து ஆற்றில் இறங்கி, இரண்டு பூவாளியிலும் மொண்டு, தோளில் கம்பு வைத்துத் தூக்கி வந்து ஊற்றினோம். காலையும் மாலையும். மங்களத்தின் தோள் இட்லி போல வீங்கிவிட்டது. மழை பெய்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு என்று உன் துரைமார் கேட்பார்கள். இந்த ஊர் மழை பெய்தால் வேர் அழுகப் பெய்கிறது, நின்றால் மண் வெடிக்க நிற்கிறது. கீரைக்குப் பட்டினி கிடக்கத் தெரியாது. ஒரு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் மறுநாள் தேக்காவில் ஒருத்தியும் அதைக் கையால் தொட மாட்டாள்.

நான் வெட்டியது ஒரு முழ அகலம். அதன் வாயில் ஆ செங் பழைய தோணிப் பலகையால் ஒரு மடை செய்து வைத்திருக்கிறான், தூக்கினால் தண்ணீர் வரும், இறக்கினால் நிற்கும். ஓட்டை என்று எழுதியிருக்கிறாய். ஓட்டைக்கு யாராவது கதவு வைப்பார்களா?

வெள்ளத்தைப் பற்றி எனக்கு எழுதாதே. நீ தண்ணீரில் நின்றபோது நான் கூரைமேல் நின்றேன். அந்தப் பிள்ளையை எனக்கும் தெரியும். மழைக்காலம் வரும்போது இந்த வாயை அடைக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உன் வீட்டு மாடிக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உன் பெண்சாதி நல்லவள், அவளை ஏன் சோதிக்க வேண்டும்?

ஒரு வரி கேட்டாய். மூட மாட்டேன்.

அக்கா,
பூவம்மா

*

ஜாலான் புசார்,
23-5-1955

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நெய்னா முகம்மது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் படித்து முடித்ததும், "பதில் இருக்கா, இல்ல நாளைக்கு வரவா?" என்றார். நாளைக்கும் வேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கோபம் ஆற அவ்வளவு நாளாயிற்று. முழுதாக ஆறிவிட்டது என்று நினைக்காதே.

நீ மூடப் போவதில்லை. என்னால் உன்னைப் பிடித்துக் கட்டிப்போடவும் முடியாது. அதனால் ஒழுங்காகவாவது செய்.

வெட்டின இரண்டு பக்கமும் மண் சரியாமல் கருங்கல் அடுக்கு. ஒற்றைப் பலகை போதாது, இன்னொரு பலகை பின்னால் போட்டு நடுவில் களிமண் இடிக்க இடம் விடு. மழைக்காலத்துக்கு அது வேண்டும். இன்னொன்று, இதுதான் முக்கியம். இது காவிரி இல்லை. காவிரியில் நம் ஊர் வரைக்கும் கடல் ஏறி வராது. இங்கே வரும். கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு வரும், உப்பு அதன் பின்னாலேயே வரும். சாதாரண நாளில் உன் வளைவுக்கு உப்பு எட்டாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி எட்டும், தாண்டியும் போகும். அந்த நாட்களில் மடையைத் தொடாதே.

இதையெல்லாம் நான் சொன்னதாக எவரிடமும் சொல்லாதே. அந்த வளைவில் எனக்கு ஓர் அக்கா இருப்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

சேதுபதி

*

போத்தோங் பாசிர்,
24-7-1955

தம்பிக்கு,

கல் அடுக்கியாகிவிட்டது. இரண்டாவது பலகையும் போட்டாகிவிட்டது. யார் யோசனை என்று ஆ செங் கேட்டான். கனவில் வந்தது என்றேன். எனக்குத் தம்பி என்று ஒருவன் இருப்பதை நானும் இங்கே சொல்வதில்லை, உனக்குச் சந்தோஷம்தானே. அந்த வரியைப் படித்த அன்று நான் சோறு தின்னவில்லை. அதையும் தெரிந்துகொள்.

இப்போது எங்கள் முறையைச் சொல்கிறேன், கேள். எங்கள் நிலம் ஆற்றைவிடக் கொஞ்சம் மேடு. கடல் தள்ளினால்தான் ஆறு எங்கள் மட்டத்துக்கு உயரும். உயரத் தொடங்கியதும் பலகையைத் தூக்குவோம். மடையருகே ஒருவர் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கை அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்துத் துப்ப வேண்டும். துளி கரித்தாலும் பலகை கீழே. இன்று நான், நாளை மங்களம், மறுநாள் ஆ செங்கின் பெண்சாதி என்று முறை வைத்திருக்கிறோம். தங்கராஜுவை மட்டும் உட்கார வைப்பதில்லை, அவர் நாக்கில் எப்போதும் புகையிலை.

பூவாளிக் கம்பை மங்களம் அடுப்பில் வைத்துவிட்டாள். முளைக்கீரை முழங்கால் உயரம் நிற்கிறது. வெண்டை இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று நீயே பார், நெய்னா முகம்மதுவிடம் ஒரு கூடை கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஆடிப் பதினெட்டு. இத்தனை வருஷம் இந்த ஊரில் பெருக்குக் கும்பிட நமக்கென்று ஒரு தண்ணீர் இல்லை. இந்த வருஷம் இருக்கிறது. கலந்த சோறு கட்டி, மஞ்சள் கயிறு வைத்து, எங்கள் வாய்க்கால் கரையிலேயே கும்பிடப் போகிறோம். நீயும் உன் பெண்சாதியும் வர வேண்டும். அன்றைக்கு ஓவர்சியராக வராதே, என் தம்பியாக வா.

பூவம்மா

*

ஜாலான் புசார்,
29-7-1955

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்டைக்காய் நன்றாக இருந்தது. பிஞ்சு.

என்னால் வர முடியாது. தம்பியாக வந்தாலும் கண் ஒன்றுதான். பார்த்த பிறகு பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது.

நாட்காட்டியைப் பார். ஆகஸ்ட் மூன்றாம் தேதி பௌர்ணமியும் வருகிறது. காலையில் சாமி கும்பிடு, சோறு சாப்பிடு, மடையை மட்டும் இறக்கியே வை. நம் ஊர்ப் பக்கம் பெருக்கன்று வருகிற தண்ணீரை மறிக்கக் கூடாது என்பார்கள் என்று எனக்கும் தெரியும், நானும் அந்த அம்மாவுக்குத்தான் பிறந்தேன். அந்தச் சட்டம் காவிரிக்கு. இங்கே செல்லாது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். மடையை இறக்கி வை.

சேதுபதி

*

போத்தோங் பாசிர்,
6-8-1955

தம்பிக்கு,

நீ சொன்னபடியே நடந்தது. நெய்னா முகம்மது சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்கிறேன்.

கும்பிட வேண்டும் என்று மடையைத் தூக்கியே வைத்திருந்தோம். பெருக்கன்று தண்ணீரை மறித்தவள் என்று பேர் எடுக்க எனக்கு மனசில்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். ஆ செங்கின் பெண்சாதி தனக்கும் மஞ்சள் கயிறு வேண்டும் என்று கையை நீட்டினாள், கட்டிவிட்டேன். தண்ணீர் ஏறியது. அப்படி ஒரு நாளும் ஏறினதில்லை. கடைசிப் பாத்தி வரைக்கும் போய் நின்றது. நாங்கள் குலவையிட்டோம்.

நெய்னா முகம்மது கரையில் நின்றவர், "போதும்க்கா, மூடிடலாமா?" என்று கேட்டார். நல்ல நாளும் அதுவுமாக வாயை மூடுங்கள் என்றேன். ஆனாலும் உன் கடிதம் மனசில் உறுத்தியது. ஒரு கை அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்தேன். வாயெல்லாம் புளிச்சோறு. புளியும் உப்பும்தான் தெரிந்தது. அது சோற்றின் உப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கீரை தலை தொங்கியது. மறுநாள் பாத்தியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. தங்கராஜுவின் மிளகாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மங்களம் என்னோடு பேசுவதில்லை. ஆ செங் தன் பாஷையில் திட்டினான். ஒரு சொல்கூட விளங்கவில்லை, ஆனால் முழுக்க விளங்கியது. அவன் பெண்சாதி கயிற்றை அறுத்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

தப்பு என்னுடையது. வாய்க்காலின் தப்பு இல்லை. நெருப்பு சுட்டதென்று எவளும் அடுப்பை இடிப்பதில்லை.

இன்னும் கேள். உப்பை மண்ணிலிருந்து எடுக்க வேண்டுமானால் நல்ல தண்ணீரை நிரப்பி நிரப்பி வடிக்க வேண்டும். பூவாளியால் அது இந்த ஜன்மத்தில் ஆகாது. வாய்க்கால் ஒன்றால்தான் ஆகும். வருகிற தேய்பிறை அஷ்டமி ஒட்டிக் கடல் அதிகம் ஏறாது, உப்பும் எட்டாது. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். எனக்கு இனிமேல் அஷ்டமிதான் நல்ல நாள்.

நான் சொன்னேனே என்று எழுதாதே. எழுதினால் படிக்க மாட்டேன்.

பூவம்மா

*

ஜாலான் புசார்,
12-8-1955

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

நேற்று தங்கராஜு ஆபீசுக்கு வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்று, "ஒரு பொம்பள ஆத்தங்கரைய வெட்டி எங்க நிலத்துல உப்பு விட்டுட்டா சார்" என்றார். பெயரைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டே பூவம்மா என்று எழுதினேன். அப்பா பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துரைக்கு விஷயம் போய்விட்டது. கரை உடைந்திருக்கிறதா, யாராவது வெட்டினார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். வெட்டியது என்றால் குற்றம். நிலத்துக்கான லைசென்சு உனக்கு மட்டும் இல்லை, அங்கே இருக்கிற எல்லாருக்கும் போகும்.

ஒரு வழி இருக்கிறது. போன டிசம்பர் வெள்ளத்தில் அரித்துப்போன அந்த இடத்தில், புதுமண் இறுகாமல் உடைப்பு ஏற்பட்டது, அதன் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று நீங்கள் எல்லாரும் சொல்லுங்கள். தங்கராஜுவையும் அப்படியே சொல்லச் சொல். வெள்ளத்தின்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நானும் உடைப்பு என்றே எழுதிவிடுவேன். பொய்தான். உனக்காக எழுதுவேன். ஆட்களை அனுப்பி அடைத்துவிடுவார்கள், விஷயம் முடிந்துவிடும். நிலமாவது மிஞ்சும்.

யோசித்துப் பதில் எழுது. உன் கோபத்தை வைத்து யோசிக்காதே.

சேதுபதி

*

போத்தோங் பாசிர்,
17-8-1955

தம்பிக்கு,

உனக்காகப் பொய் எழுதுவேன் என்று எழுதியிருந்தாய். நீ சின்ன வயசிலிருந்தே பொய் சொல்ல மாட்டாய், மாட்டிக்கொண்டு அடி வாங்குவாய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் வேண்டாம்.

உடைப்பு என்று சொன்னால் என்ன ஆகும்? அடைப்பார்கள். அதோடு முடிந்தது. உடைப்பை அடைக்காதே என்று உலகத்தில் எவனும் மனுக் கொடுக்க முடியாது. வாய்க்கால் என்றால் வேறு. அதை வெட்டின ஆள் உண்டு, குடிக்கிற பயிர் உண்டு, காவல் இருக்கிற நாக்கு உண்டு. மூடுவதற்கு முன்னால் அவர்கள் எங்களைப் பார்த்து ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு வார்த்தையாவது கேட்க வேண்டும். அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். குளத்தைத் தூர்த்தபோது எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் யார் வந்து கேட்டாலும் வெள்ளம் வெட்டவில்லை, பூவம்மா வெட்டினாள் என்றே சொல்வேன்.

அஷ்டமியை ஒட்டி நான் தனியாகத்தான் பலகையைத் தூக்கினேன். நல்ல தண்ணீரை நிரப்பி, ஆறு இறங்கும்போது வடித்தேன். மறுநாளும் செய்தேன். மூன்றாம் நாள் ஆ செங் வந்து எதிரே உட்கார்ந்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டுத் தன் பாத்திக்கு வழி வெட்டிக்கொண்டு போனான். மங்களமும் வந்தாள். இன்னும் பேசவில்லை, ஆனால் வந்தாள். என் பாத்தியில் கங்கோங் துளிர்த்துவிட்டது. அது வெட்கம் கெட்ட கீரை, எதிலும் முளைக்கும், இருந்தாலும் பச்சையைப் பார்த்ததே பெரிய காரியம்.

கடைசியில் வந்தது யார் தெரியுமா? தங்கராஜு. உன் ஆபீசில் புகார் கொடுத்துவிட்டு வந்த மனுஷன் மடையருகே நின்று, "எனக்கும் கொஞ்சம் தொறந்து விடும்மா" என்றார். உங்கள் புகார் என்னாவது என்று கேட்டேன். "அது அன்னைக்கு எரிச்சல் லா" என்றார். திறந்துவிட்டேன். என்ன செய்வது, அவர் மிளகாய் என்னால்தானே செத்தது.

பூவம்மா

*

ஜாலான் புசார்,
1-9-1955

அன்புள்ள அக்காவுக்கு,

எரிச்சலில் கொடுத்தாலும் புகார் புகார்தான். உடைப்பா, வெட்டா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூடு என்று துரையின் உத்தரவு வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆட்களைக் கூட்டிப் போய், அந்த இடத்தை மண் போட்டு மூடி இடித்துக் கெட்டிக்க வேண்டும். கூட்டிப் போக வேண்டியவன் நான்.

நீங்கள் சொல்வதை முதலில் கேட்கலாமே என்று துரையிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "அங்கே கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். சொல்லத் தொடங்கினால், "உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்று என்னைக் கேட்பார்.

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட முடியும். டாக்டர் சீட்டு வாங்குவது கஷ்டமில்லை. வேறு ஓவர்சியர் வருவார். அவர் வந்தால் உன்னிடம் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நான் வந்தால் என் அக்காவின் வாய்க்காலை என் வாயாலேயே மூடச் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை.

இதுவரை நான்தான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நீ சொல். நான் வரவா, வேண்டாமா?

சேதுபதி

*

போத்தோங் பாசிர்,
3-9-1955

தம்பி சேதுவுக்கு,

வா.

லீவு போடாதே. உடம்பு சரியில்லை என்று நல்ல நாளில் எழுதிக் கொடுத்தால் நிஜமாகவே வரும். வேறு ஓவர்சியர் வந்து எங்களைப் பார்த்துக் கத்தினால் தங்கராஜு பதிலுக்குக் கத்துவார், ஆ செங் கையை ஓங்குவான், போலீஸ் வரும், அதோடு போச்சு. நீ வந்தால் ஒருவரும் கத்த மாட்டார்கள். நீ யார் என்று இன்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மங்களம் அதைக் கேட்டுத்தான் முதல் தடவையாக என்னோடு பேசினாள். "ஒங்க தம்பியா? அந்தக் கல்லு அடுக்கின கனவா?" என்றாள்.

உன் ஆட்கள் மூடட்டும். நாங்கள் குறுக்கே படுக்க மாட்டோம், ஒரு கல்லை எறிய மாட்டோம். அது உன் உத்தியோகம், அதை ஒழுங்காகச் செய். நீ அரைகுறையாகச் செய்தால் எனக்குக் கோபம் வரும். மத்தியானம் சோறு எங்கள் வீட்டில், உன் ஆட்கள் எல்லாருக்கும். வெயிலில் மண் சுமக்கிறவர்களுக்கு நான் சோறு போடாமல் அனுப்ப மாட்டேன்.

சாயங்காலம் நீங்கள் போனதும் நாங்கள் வெட்டுவோம். ஒளிந்து மறைந்து இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே, எல்லாருமாக. அது எங்கள் உத்தியோகம். மறுபடி மூட உத்தரவு வந்தால் மறுபடி வா. மறுபடி சோறு. மறுபடி வெட்டுவோம். எத்தனை தடவை என்று நாங்கள் கணக்கு வைக்கப் போவதில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாரே உன் துரை, அவருக்கே ஒரு நாள் கேட்கத் தோன்றும்.

ஐப்பசி பிறக்கும்போது நாங்களே இரண்டு பலகையும் இறக்கி, களிமண் இடித்து, மண் மூட்டை அடுக்குவோம். அதற்கு உத்தரவு வேண்டாம். அந்தப் பிள்ளைமேல் ஆணை.

உன்னைப் பார்த்து எட்டு மாசமாகிறது. இளைத்திருக்கிறாயா, பெருத்திருக்கிறாயா என்றுகூடத் தெரியாது. திங்கட்கிழமை தெரிந்துவிடும்.

உன் அக்கா,
பூவம்மா

*

ஜாலான் புசார்,
24-9-1955

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மூன்று வாரத்தில் அங்கே நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும். இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

முதல் தடவை மூடினேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை மூடினேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை போகச் சொன்னபோது என் ஆட்களே சிரித்துக்கொண்டு லாரியில் ஏறினார்கள். "சார், இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று ஒருவன் கேட்டான். இடிக்கிற இடியில் பலம் குறைந்துகொண்டு வந்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். ஒழுங்காகச் செய் என்று நீதான் அவர்களை அதட்டினாய்.

வியாழக்கிழமை துரை கூப்பிட்டார். ஒரே இடம் ஏன் மறுபடி மறுபடி உடைகிறது, மண் சரியில்லையா என்று கேட்டார். மண் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பதில் அது.

உடையவில்லை, வெட்டுகிறார்கள் என்றேன். யார் என்றார். என் அக்கா என்றேன். சத்தமாகத்தான் வந்தது. பக்கத்து மேசைகளில் டைப் அடிப்பது நின்றுவிட்டது. அது உடைப்பு இல்லை, வாய்க்கால் என்றேன். கல் அடுக்கிய வாய்க்கால், இரண்டு பலகை மடை, மழைக்காலத்தில் அடைக்க ஆள் இருக்கிறது, கல்லும் இரண்டாவது பலகையும் என் யோசனை, பூவாளி தூக்கித் தோள் வீங்கினவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் நான்காவது தடவை மூட மாட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் இவ்வளவு நன்றாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, விசாரணை முடிகிற வரைக்கும் நான் வேலைக்கு வர வேண்டாம் என்றார். திரும்ப எடுப்பார்களா என்று சொல்ல முடியாது. வீட்டில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள், அப்புறம் உன் மேல்தான் கோபப்பட்டாள், அப்புறம் நெய்னா முகம்மதுவிடம் உனக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா முறுக்கும் கட்டி வைத்திருக்கிறாள்.

நான் கதவு வரைக்கும் போனபோது துரை மறுபடி கூப்பிட்டார். எந்த நேரத்தில் தண்ணீர் உள்ளே வரும் என்று கேட்டார். கடல் ஏறும் நேரத்தைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை அவரே வருகிறார். இப்போதுதான் அஷ்டமி கழிந்திருக்கிறது, அன்றைக்கு உப்பு எட்டாது. மடையைத் தூக்கியே வையுங்கள், ஓடுவதைப் பார்க்கட்டும். கேட்பதற்கு வருகிறாரா, வேறு ஆட்களை வைத்து மூட வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் தயாராக இரு.

நானும் வருகிறேன். லாரியில் இல்லை, பஸ்ஸில். அவர் மூடச் சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலம் வெட்ட வேண்டியிருக்கும். எனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வை.

உன் தம்பி,
சேது